எதிர் வரிசையின் பாதி

1

‘சிலருக்குச் சங்கடம்’ என்னும் இரண்டு சொற்களிலிருந்து இந்தக் கதை பிறந்தது. பிறந்தது என்று சொல்வதுகூட ஒருவகை மறைப்பே. எங்கள் பாராயணக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில், நீல மையில், அவ்விரு சொற்களையும் எழுதியவள் நான். எழுதி நான்கு வாரங்கள் ஆகின்றன. அந்தச் சிலர் யார் என்று தேடினேன், கிடைக்கவில்லை, கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். குற்றவாளியைக் கண்டுபிடிக்க இயலாதவர்களே கதை எழுதுகிறார்கள் என்பது என் நெடுநாளைய ஐயம்.

முதலில் எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில், வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடி வளாகம். சனிக்கிழமைதோறும் மாலை ஐந்தரைக்கு அதன் கிளப் ஹவுஸில் உள்ள சிறு கூடத்தில் கூடிப் பாசுரம் ஓதுகிறோம். எங்களுக்கு முன்பு அங்கே ஜும்பா வகுப்பு நடக்கும். ஆகவே நாங்கள் விளக்கேற்றும்போது தரை இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். பன்னிரண்டு பேர், எதிரெதிராக ஆறு ஆறு பேர் கொண்ட இரு வரிசைகள். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், அதாவது பாசுரத்தின் முதற்சொல்லைத் தனிக்குரலில் தொடங்கி வைப்பார். பிறகு முற்பாதியை ஒரு வரிசை சொல்லும்; பிற்பாதியை எதிர் வரிசை சொல்லும். நடுவில் மூச்சளவு இடைவெளியும் விழலாகாது. விழுந்தால் எதிர் வரிசைக்கு இழுக்கு. ஆக, எங்களில் எவரும் எந்தப் பாசுரத்தையும் முழுமையாக வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் ஒவ்வொரு பாசுரமும் முழுமையாகச் சொல்லப்பட்டுவிடுகிறது.

இருபது ஆண்டுகளாக இதை நான் பக்தியின் அழகு என்றே எண்ணியிருந்தேன்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

“அன்று மாலை வைட்ஃபீல்டின் வானத்தில் கருமேகங்கள்—”

[மேகத்துக்கு இதில் பங்கில்லை. மனிதர் செய்ததற்கு இயற்கையைச் சாட்சிக்கு அழைக்கும் பழக்கம் பழம்பாடல்களிலிருந்து என்னிடம் தொற்றியது. அடித்துவிட்டேன்.]

“பலர் கூடி எடுக்கும் முடிவு தனியொருவர் எடுக்கும் முடிவினும் நிதானமானது என்பர் அறிந்தோர்—”

[எந்த அறிந்தோர்? பெயர் இல்லாத அறிந்தோரை நான் இப்போது நம்புவதில்லை. அவர்களும் ‘சிலர்’ என்னும் குலத்தில் பிறந்தவர்களே.]

“சந்திரன் நீலசந்திராவிலிருந்து வருகிறவர், கம்பெனி ஷட்டில் பேருந்து ஓட்டுகிறவர், ஆகவே எங்கள் கூட்டத்தில் அவர்—”

[இதை அடிக்கவில்லை. அரைகுறையாகவே நிற்கட்டும். இதனிடம் திரும்பி வருவேன்.]

3

சந்திரனை எழுதுவது எனக்குக் கடினமாக இருக்கிறது. எழுத எழுத நல்லவராகிக்கொண்டே போகிறார். தவறிழைக்கப்பட்டவரைக் குறையற்றவராக எழுதுவது, தவறிழைத்தவர் செலுத்தும் மலிவான பரிகாரமோ என்று சந்தேகம் வருகிறது.

அறிந்ததை மட்டும் சொல்கிறேன். வயது நாற்பத்தைந்து இருக்கும். நகரின் நடுவே, உழைப்பாளித் தமிழர் நெருங்கி வாழும் நீலசந்திராவில் வீடு. எங்கள் வளாகத்துக்கு எதிரே உள்ள அலுவலக வாயிலில் சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஆட்களை இறக்குவார். ஏழரைக்குத் திரும்ப ஏற்றுவார். நகரின் மறுகோடியில் உள்ள அதே கம்பெனியின் இன்னோர் அலுவலகத்துக்கு அவருடைய பேருந்தில் நாள்தோறும் வேலைக்குப் போகிறவர் யுவன். தர்மபுரியிலிருந்து வந்து மூன்று ஆண்டுகளாக எங்கள் வளாகத்தில் வாடகைக்கு இருக்கும் இளைஞர். குழுவில் மிகக் குறைவாகப் பேசுகிறவர். பேருந்தில் மெல்லிய ஒலியில் பாசுரம் ஓடுவதைக் கேட்ட யுவன்தான் ஒரு சனிக்கிழமை சந்திரனை அழைத்து வந்தார்.

“எங்கே அத்யயனம் பண்ணினேள்?” என்று கேட்டார் எங்கள் தலைவர் சுப்ரமணியன். மின்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாகப் பெங்களூர்க்காரர்; பேச்சின் நடுவே கன்னடம் எட்டிப்பார்க்கும்.

“வைட்ஃபீல்ட் சிக்னல்லதான் சார்,” என்றார் சந்திரன். “ஒரு சிக்னலுக்கு ரெண்டு பாட்டு. மழை பேஞ்சா பத்து பாட்டு. செல்லுல போட்டு விட்டுட்டு கூடவே சொல்லினு வருவேன். வண்டில இருக்கறவங்க எல்லாம் காதுல மாட்டினு இருப்பாங்க, ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க.”

சுப்ரமணியன் வாய்விட்டுச் சிரித்தார். “பலே! பி.பி.எம்.பி. கார்ப்பரேஷன் ரோட்டைச் சரி பண்ணிட்டா நம்ம குருகுலம் போயிடும் போலிருக்கே!”

அன்று சந்திரன் எதிர் வரிசையில் யுவனுக்குப் பக்கத்தில் அமர்ந்தார். ஆறே மாதத்தில் எடுத்துக் கொடுப்பவரானார். இதை யாரும் தீர்மானிக்கவில்லை. ஒரு நாள் சுப்ரமணியனுக்குத் தொண்டை கட்டியிருந்தது, சந்திரன் எடுத்தார், கூடத்துக்கு வெளியே மேசைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள் மட்டையைக் கீழே வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார்கள். அதன்பின் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். ஒரு கூட்டம் தான் எடுப்பதை அறியாமல் எடுக்கும் முடிவுகளில் நல்லவையும் உண்டு என்பதற்காக இதைக் குறித்து வைக்கிறேன்.

குறையும் உண்டு அவருக்கு. பிழை கேட்டால் பொறுக்கமாட்டார். யாரானாலும் அந்த இடத்திலேயே, அந்தக் குரலிலேயே திருத்துவார்.

[இந்த வாக்கியத்தை இன்னும் இரண்டு பத்தி நீட்டியிருந்தேன். நீக்கிவிட்டேன். ஏன் நீக்கினேன் என்பது ஆறாம் பகுதியில் வரும்.]

4

இனி அந்தக் கூட்டம். மாதத்தின் முதல் சனிக்கிழமை, பாராயணம் முடிந்து ஏழு மணிக்குச் சந்திரன் வண்டிக்குப் புறப்பட்டபின், மற்ற பதினொருவரும் இருந்த இடத்திலிருந்து எழாமல், அதே இரு வரிசைகளில் அமர்ந்தபடியே குழு வேலைகளைப் பேசுவோம். நான் செயலாளர். பேசியதை எழுதுவேன். எழுதியது அடுத்த மாதக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, ஆட்சேபணை இல்லையென்று கண்டபிறகே நடப்புக்கு வரும். இந்த விதியை நானே வகுத்தேன். மாநிலத் தொல்லியல் துறையில் முப்பது ஆண்டு இருந்தவளுக்கு இத்தகைய விதிகளில் ஒரு மோகம்.

அன்றைய பேச்சை ஒரு சொல்லும் கூட்டாமல் தருகிறேன். முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள்.

“அடுத்தது என்ன மாமி?” என்றார் சுப்ரமணியன்.

“வர வைகுண்ட ஏகாதசிக்குக் கோயில் மண்டபத்துல நம்ம பாராயணம். யார் எடுத்துக் கொடுக்கறதுன்னு முடிவு பண்ணணும்,” என்றேன். “சந்திரன்தான். பாவம், அவ்வளவு தூரத்திலேருந்து வரார்…”

“…அவரை ஏன் ஸ்ட்ரெயின் பண்ணணும்?” என்றார் எதிர் வரிசையிலிருந்து ஸ்னேஹா. மென்பொருள் கம்பெனியில் மேலாளர். எங்கள் வாட்ஸ்அப் குழுவை நடத்துபவர்.

“ஹௌது, டியூட்டி வேற இருக்கு. அன்னிக்குப் பார்த்து வர முடியலேன்னா…” என்றார் என் வரிசையிலிருந்து சுப்ரமணியன்.

“…கடைசி நேரத்துல ஆள் தேட முடியாதுங்க,” என்றார் எதிரே இருந்த யுவன்.

“கரெக்ட். அதோட சிலருக்கு…” என்றார் ஸ்னேஹா.

“…சங்கடம். அதுவும் இருக்கு,” என்றார் சுப்ரமணியன்.

“அப்ப ரெசிடென்ட்ஸ் மட்டும்னு…” என்றது எதிர் வரிசையில் ஒரு குரல்; புத்தகத்தில் குனிந்திருந்த நான் யாரென்று பார்க்கவில்லை.

“…எழுதிக்கறேன்,” என்றேன் நான்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நடுவில் மூச்சளவு இடைவெளியும் விழவில்லை. “ஆட்சேபணை உண்டா?” என்று சுப்ரமணியன் கேட்டார். அடுத்த அறையில் மேசைப்பந்து இருமுறை துள்ளியது. “ஆய்து, ஒருமனதாகன்னு போட்டுடுங்கோ,” என்றார். போட்டேன்:

‘பாராயணத்தில் வளாகத்தில் குடியிருப்போர் மட்டும் அமர்வது என்றும், சந்திரன் அவர்களை இனிச் சிரமப்படுத்த வேண்டாம் என்றும், சிலருக்குச் சங்கடம் இருப்பதைக் கருதி, ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’

மேலே உள்ள பேச்சில் அவரை விலக்கும் ஒரு முழு வாக்கியத்தைத் தேடிப் பாருங்கள். சந்திரன் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. பதினொருவர் சேர்ந்து சொல்லியிருக்கிறோம்.

* [அடிக்குறிப்பாக வைத்திருக்க வேண்டியது: கோலார்ப் பக்கத்துக் கோயில்களில் பழந்தமிழ்க் கல்வெட்டுகளைப் படியெடுத்தவள் நான். ஊர்ச்சபை நிலம் விட்டது, வரி நீக்கியது என்று பல வரி ஓடியபின், சில கல்வெட்டுகளின் கடைசியில் எழுதினவன் தலைகாட்டுவான்: சபையார் பணித்தார்கள், நான் எழுதினேன் என்று. அந்த வரியைத் தொட்டு எத்தனை முறை நெகிழ்ந்திருக்கிறேன்! என்ன அடக்கம் என்று வியந்திருக்கிறேன். இன்று அது அடக்கமாகத் தெரியவில்லை. ஒளிந்துகொள்ளும் இடமாகத் தெரிகிறது.]

5

அடுத்த சனிக்கிழமை எதுவும் அறியாத சந்திரன் வழக்கம்போல் வந்தார். அன்றுபோல் அவரை நாங்கள் என்றும் உபசரித்ததில்லை. ஒருவர் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார். ஸ்னேஹா தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார்.

புறப்படும்போது வாசலில் என்னிடம் நின்றார். “அம்மா, ஏகாதசிக்கு வீட்ல எல்லாரையும் வரச் சொல்லிட்டேன். எங்க சந்துல பாதிப் பேரு வருதுன்னு நிக்குது. கம்பெனி வண்டில ஏத்தினு வந்தா வேலை போயிரும். பஸ்ஸு புடிச்சு வாங்கன்னு சொல்லிட்டேன்.” சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எம்பொண்ணு நான் வண்டி ஓட்டித்தான்மா பாத்திருக்கா. இங்க வந்து உக்காந்தா ஒரு மணி நேரம் யாரும் என்னை ‘டிரைவர்’னு கூப்புடறதில்ல. அதை அவ ஒரு தரம் பாக்கணும்.”

அன்றே விசாரணையைத் தொடங்கினேன். அந்தாதி என்றொரு யாப்பு முறை உண்டு: ஒரு பாட்டு முடிந்த சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும், கடைசிப் பாட்டின் கடைசிச் சொல் முதற்பாட்டின் முதற்சொல்லாக வந்து வட்டம் மூடும். என் விசாரணை அவ்வாறே நடந்தது.

ஸ்னேஹாவை லிஃப்டில் பிடித்தேன்.

“மாமி, நானா? ‘சிலருக்கு’ன்னுதான் ஆரம்பிச்சேன். சிலருக்கு அவர் வாய்ஸ் இல்லேன்னா மூடே வராதுன்னு சொல்ல வந்தேன். சார் அதுக்குள்ள முடிச்சிட்டார். சாருக்குப் பிடிக்கல போலன்னு விட்டுட்டேன்.”

சுப்ரமணியனை நடைப்பாதையில் பிடித்தேன்.

“ராம ராம! எனக்கென்ன? அவா நிறுத்தினா, கேப் விழப்படாதேன்னு எடுத்தேன், அஷ்டே! யுவனுக்குத்தான் ஏதோ மாதிரி இருக்கோன்னு நெனச்சேன். ஆள் தேட முடியாதுன்னு அந்தப் பையன்தானே சொன்னான்? ஒரே பஸ்ஸுல போறவாளுக்குள்ள என்னமோ ஏதோ, நமக்கென்ன தெரியும்?”

யுவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் என்னை உள்ளே அழைக்கவில்லை. வாசலில் நின்றபடியே கண் கலங்கினார்.

“அண்ணனைக் கூட்டியாந்ததே நான்தானுங்களே மாமி. நீங்க ‘பாவம், தூரத்திலேருந்து’ன்னு ஆரம்பிச்சீங்க. பெரியவங்க வேணாம்னு நினைக்கறாங்க போல, நாம குறுக்க நிக்கக் கூடாதுன்னு… இப்ப டெய்லி அவர் பஸ்ல ஏறுறப்ப மூஞ்சியப் பாக்க முடியலீங்க. பின்சீட்டுல போய்த் தூங்குற மாதிரி உக்காந்துக்கறேன்.”

ஸ்னேஹா முடித்த பெயரில் சுப்ரமணியன் தொடங்கினார். அவர் முடித்த பெயரில் யுவன் தொடங்கினார். யுவன் முடித்த பெயர் என்னுடையது. வட்டம் பிசிறில்லாமல் மூடியது. அந்தாதியின் அழகை வகுப்பெடுத்து விளக்கியிருக்கிறேன். உள்ளே அகப்பட்டவளாக அதைக் கண்டது இதுவே முதல் முறை.

மூவரும் பொய் சொல்லியிருக்கலாம். ஸ்னேஹாவின் விளக்கம் மிக ஒழுங்காக இருக்கிறது. ஒழுங்கான விளக்கங்களை நான் நம்புவதில்லை. ஆனால் மூவரும் மெய் சொல்லியிருந்தால் அதுதான் இன்னும் அச்சம் தருகிறது. வேண்டாதவர் ஒருவருமின்றி ஒரு மனிதரை வேண்டாமென்று தள்ளிவிட முடியும் என்று ஆகிறது.

6

என் வாக்கியத்தின் பிற்பாதி என்ன?

‘பாவம், அவ்வளவு தூரத்திலேருந்து வரார், ஏகாதசியன்னிக்கு விடியக்காலம் அழைச்சிண்டு வர ஒரு வண்டி ஏற்பாடு பண்ணலாமா?’ என்று கேட்கவே வாயெடுத்தேன்.

மேலே உள்ள வாக்கியத்தை முதல் வரைவில் எழுதினேன். படித்துப் பார்த்தேன். ஸ்னேஹாவின் விளக்கத்தைப் போலவே ஒழுங்காக இருந்தது.

ஆகவே, மூன்றாம் பகுதியில் நீக்கியதை இங்கே மீட்கிறேன். ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, என் வரிசை சொன்ன முற்பாதியில் என் குரல் மற்றவற்றுக்கு மேல் ஒலித்தது. நான் தமிழ் படித்தவள். என் குரல் மேலே ஒலிப்பதை எவரும் தவறாக எண்ணுவதில்லை. எதிர் வரிசை எடுக்கவில்லை. சந்திரன் கையைத் தூக்கியிருந்தார்.

“அம்மா, அந்த அடி அடுத்த பாட்டுது.”

“இல்லையே, இதுதான்,” என்றேன்.

“இல்லம்மா. ரெண்டும் ஒரே மாதிரி வரும். சில்க் போர்டு சிக்னல்ல மூணு மாசம் நானும் இப்படித்தான் மாத்திச் சொல்லினு இருந்தேன்.”

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் ஏட்டைப் பிரித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. நாற்பது ஆண்டுகளாக இறைவன் முன்னிலையில் அந்தப் பாசுரத்தைத் தவறாகச் சொல்லி வந்திருக்கிறேன்; பிறருக்கும் கற்பித்திருக்கிறேன். திருத்தியவருக்கு நன்றி சொல்லவில்லை. அடுத்த வாரம் சரியாகச் சொன்னேன், என்றும் சரியாகச் சொல்லி வந்தவளைப்போல.

‘பாவம்’ என்றேனே, அந்தச் சொல்லுக்குள் அந்த மாலை இருந்ததா? தெரியவில்லை. மெய்யாகவே தெரியவில்லை. எனக்கே தெரியாத ஒன்றை எதிர் வரிசை கேட்டு, முடித்துக் கொடுத்துவிட்டதோ என்பதே என் ஐயம். கூட்டமாக அமர்வதன் பயன் இதுவாகவும் இருக்கலாம்: தனியாகச் சொல்ல நாணுவதைப் பாதி பாதியாகச் சொல்லிவிடலாம்.

7

நாளை முதல் சனிக்கிழமை. தீர்மானம் வாசிக்கப்படும். செவ்வாய்க்கிழமை ஏகாதசி. சந்திரனிடம் இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. அதை யார் சொல்வது என்று தீர்மானிக்க மறந்துவிட்டோம்.

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதலாவது: அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறேன். சந்திரன் எடுத்துக் கொடுக்கிறார், மகள் பார்க்கிறாள்.

[இனிய முடிவு. ஆனால் பதினொருவருக்காக நான் ஒருத்தி முடிவெடுத்தவளாவேன், அதையும் ஒளிந்துகொண்டு. கிழித்த பக்கமும் ‘சிலர்’ செய்ததாகவே பேசப்படும்.]

இரண்டாவது: யுவன் எழுந்து நின்று ஆட்சேபிக்கிறார்.

[இதை மிகவும் விரும்பினேன். யுவனுக்காக மூன்று முறை வசனம் எழுதினேன். மூன்று முறையும் என் தமிழில் பேசினார். ஒரு ‘ங்க’ கூட இல்லை. ஓர் இளைஞரின் வாயில் என் துணிவை வைத்து, அவரைப் பேசவிட்டு, நான் பேனாவும் கையுமாகக் குனிந்திருப்பது மறுபடியும் பாதி வாக்கியமே.]

மூன்றாவது: சந்திரன் எல்லாம் கேட்டபின் புன்னகைத்து, கைகூப்பி, ஒரு பாசுரத்தைத் தனியாக முழுமையாகச் சொல்லிவிட்டு வெளியேறுகிறார். கூடம் கண்ணீர் விடுகிறது.

[வாசகர் இதையே தேர்வார் என்று அஞ்சுகிறேன். தள்ளப்பட்டவர் கண்ணியமாகப் போய்விட்டால் பார்ப்பவர்களுக்கு மிக இதமாக இருக்கும். நீலசந்திராவில் பஸ் பிடிக்க நிற்கும் அந்தப் பெண்ணிடம் அவர் என்ன சொல்வார் என்று அந்த முடிவு கேட்பதில்லை.]

8

சற்றுமுன் சந்திரனிடம் தொலைபேசியில் பேசினேன்.

“நாளைக்கு ஏழு மணிக்குப் போயிடாதேங்கோ. கூட்டத்துக்கு இருங்கோ.”

“மீட்டிங்குக்கா? எனக்கு அதுல இன்னாம்மா வேலை?”

“உங்களைப் பத்தித்தான் பேச்சு. நல்ல பேச்சு இல்லை. நானும் அதுல இருந்தேன்.”

மறுமுனையில் இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

“ட்ரிப்ப வேற ஆளுக்கு மாத்தி விட்டுடறேன்,” என்றார். பிறகு, “வீட்ல இருக்கறவங்களுக்கு வர வேணாம்னு சொல்லிரட்டுமாம்மா?”

“அதை நாளைக்கு முடிவு பண்ணலாம்,” என்றேன். சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நாளைக்கு முடிவு பண்ணலாம்! யார்?

ஆகவே இப்போது உங்களிடம் வருகிறேன். உங்கள்மீதும் எனக்கு ஐயம் உண்டு, மறைப்பானேன்? இரண்டாம் பகுதியில் ஒரு வாக்கியத்தை அரைகுறையாக விட்டேன்: சந்திரன் நீலசந்திராவிலிருந்து வருகிறவர், பேருந்து ஓட்டுகிறவர், ஆகவே எங்கள் கூட்டத்தில் அவர் என்று. அப்போது அவரை உங்களுக்குத் தெரியாது. அவர் குரலைக் கேட்டதில்லை. இருந்தும் அந்த வெற்றிடத்தில் ஏதோ ஒன்றை வைத்து முடித்துக்கொண்டுதான் மேலே படித்தீர்கள். என்ன வைத்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அது உங்களுக்கே தெரிந்திருந்தால் போதும்.

நாளை செய்யப்போவது இது. சந்திரனை எதிர் வரிசையிலிருந்து எழுப்பி, என் பக்கத்தில் அமர்த்துவேன். பழைய தீர்மானத்தை முழுமையாக, ஒரே மூச்சில், என் ஒருத்தியின் குரலில், அவர் கேட்க வாசிப்பேன். இதற்கு என் ஆட்சேபணை உண்டு என்பேன். ‘சிலருக்கு’ என்ற இடத்தில் என் பெயரைச் சொல்வேன். அந்தச் சொல்லுக்கு உரிமை கோரும் மற்றவர் இருந்தால் அவர்களும் பெயர் சொல்லட்டும் என்பேன். பிறகு புதிய தீர்மானம் ஒன்றைத் தொடங்கி, பாதியில் நிறுத்துவேன். இம்முறை வேண்டுமென்றே.

சந்திரன் என் பக்கம் வந்துவிட்டதால் எதிர் வரிசையில் ஓர் இடம் காலி. அதில் நீங்கள் அமர்ந்திருக்கிறீர்கள். தரை இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். உங்கள் ஒரு பக்கம் ஸ்னேஹா, மறுபக்கம் யுவன். அவர்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் அவர்கள் முகத்தைப் பார்க்காதீர்கள். இங்கே இடைவெளி விழலாகாது என்பதை அறிவீர்கள். இடைவெளி விட்டு, புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனாலும் நான் எழுதிக்கொள்ளத்தான் வேண்டும். வாய் திறவாதவர்களுக்காக என்னிடம் இருப்பது ‘ஒருமனதாக’ என்ற ஒரே சொல்தான்.

புத்தகத்தைத் திறந்துவிட்டேன். பேனாவில் மை இருக்கிறது. முற்பாதி என்னுடையது:

‘வரும் ஏகாதசியன்று கோயில் மண்டபத்தில், தம் மகள் பார்த்திருக்க, முதற்பாசுரத்தைச் சந்திரன் அவர்கள்